கனடாவில் முதல் ஆண்டு: எந்தப் படிவத்திலும் இல்லாத வழக்கங்கள்

கனடாவுக்குக் குடிவருபவருக்கு அரசாங்கம் தரும் அறிவுரைகளுக்குக் குறைவில்லை. சமூகக் காப்புறுதி இலக்கத்தை எங்கே பெறுவது, சுகாதார அட்டைக்கு எப்படி விண்ணப்பிப்பது, வங்கிக் கணக்கைத் திறக்க என்னென்ன கொண்டுபோவது என்பவற்றையெல்லாம் துண்டுப் பிரசுரங்கள் சொல்லிவிடும். ஆனால் அயலவர் வீட்டுக்குள் சப்பாத்தோடு நுழையக்கூடாது என்பதையோ, கடையில் ஒட்டியிருக்கும் விலை நீங்கள் கொடுக்கப்போகும் விலையன்று என்பதையோ, பின்னால் பத்தடி தூரத்தில் ஒருவர் வந்துகொண்டிருந்தால் கதவைப் பிடித்தபடி நிற்க வேண்டும் என்பதையோ எந்தப் பிரசுரமும் சொல்வதில்லை. இங்கு பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டாலும் பெரிதாகப் பயனில்லை. சின்ன வயதிலிருந்தே செய்துவருவதால் இவையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய சங்கதிகள் என்பதே அவர்களுக்குத் தோன்றாது.

பல ஆண்டுகள் பார்த்தபின், இந்நாட்டின் அன்றாட வழக்கங்களில் பெரும்பாலானவை இரண்டு காரணங்களிலிருந்து பிறந்தவை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒன்று பனி, மற்றது, முன்பின் தெரியாத ஒருவருக்குத் தொல்லை கொடுத்துவிடக்கூடாதே என்ற கூச்சம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், புதிதாக ஒரு வழக்கத்தைக் காணும்போது அதன் காரணத்தை நீங்களே ஊகித்துவிடலாம். கீழே எழுதியிருப்பவை பெரும்பாலும் ஒன்ராறியோ மாகாணத்துக்கும் குறிப்பாக ரொறன்ரோவுக்கும் உரியவை. கியூபெக்கில் பேச்சே வேறு மொழியில் தொடங்கும். வன்கூவரில் குளிர்காலம் என்பது பனியைக் காட்டிலும் மழைதான். ஆறு நேர வலயங்களில் விரிந்து கிடக்கும் ஒரு நாட்டுக்கு ஒரே கைநூல் எழுத முயல்வது வீண் வேலை.

குளிரைப் படிக்கப் பழகுதல்

குளிர்காலத்தில் வானிலை அறிக்கையைப் பார்க்கும்போது வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு வெளியே இறங்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் காற்றுக்குளிர் என்று இன்னோர் எண் இருக்கும். உங்கள் முகத்துக்கும் விரல்களுக்கும் பொருந்துவது அந்த எண்தான். வெப்பநிலை மைனஸ் 10 பாகையாக இருக்கும் ஒரு நாளில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்றடித்தால், தோல் உணர்வது மைனஸ் 20 பாகைக் குளிரை. காற்றுக்குளிர் மைனஸ் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துவிடக்கூடும். பேருந்துத் தரிப்பிடத்தில் காத்திருப்பதற்கே பத்து நிமிடங்கள் ஆகும் என்பதால் இது ஏட்டுக் கணக்கன்று. காலையில் கையுறையை எடுப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் கணக்கு.

உடுப்பு வாங்கும்போது கனமான ஒரே மேலங்கியை நம்புவதைவிட அடுக்கடுக்காக உடுத்தப் பழகுவது நல்லது. உள்ளே வியர்வையை உறிஞ்சித் தேக்காத மெல்லிய ஆடை, நடுவில் கம்பளி, வெளியே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் மேலங்கி என்று மூன்று அடுக்குகள் போதும். கடைகளும் ரயில்களும் உள்ளே நன்றாகச் சூடாக்கப்பட்டிருக்கும். வெளியே மைனஸ் 15, உள்ளே 22 என்று ஒரு நாளில் பத்துத் தடவை மாறி மாறி நடக்க வேண்டியிருப்பதால், கழற்றவும் போடவும் எளிதான உடுப்பே உங்களுக்குத் தேவை. தலையில் அணியும் கம்பளித் தொப்பியை இங்கே 'டூக்' என்பார்கள். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, பெருவிரல் மட்டும் தனியாக நிற்கும் கையுறையில் விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். அழகைப் பார்த்து ஐவிரல் கையுறை வாங்குபவர்கள் ஜனவரியில் மனம் மாறுவார்கள்.

நடையையும் மாற்ற வேண்டும். பனி விழுந்துகொண்டிருக்கும் நாளில் ஆபத்து அதிகமில்லை. பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்த மறுநாட் காலையே ஆபத்தானது. தார்வீதியின் நிறத்திலேயே கண்ணாடிபோலப் படிந்திருக்கும் அந்தப் படலத்தை இங்கே 'கறுப்பு ஐஸ்' என்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். கைகளைச் சட்டைப்பைக்குள் விடாமல், முழங்காலைச் சற்றே தளர்த்தி, பாதத்தை முழுதாகப் பதித்து, சின்னச் சின்ன அடிகளாக எடுத்துவையுங்கள். பென்குயினைப்போல நடக்கச் சொல்லி நகரசபைகளே அறிவுறுத்தும். நான் இதைச் சிரித்துக்கொண்டு படித்த அதே வாரத்தில், கையில் மரக்கறிப் பையோடு வீட்டு வாசற்படியில் விழுந்து, உருளைக்கிழங்குகள் வீதிவரைக்கும் உருண்டு போவதைப் படுத்தபடியே பார்த்தேன்.

பனியை அள்ளுவது இங்கே வீட்டு வேலை மட்டுமன்று, அயலவருக்குச் செய்யும் மரியாதையும்கூட. பல நகரங்களில் வீட்டுக்கு முன்னாலுள்ள நடைபாதையைத் துப்புரவாக்குவது வீட்டுக்காரரின் சட்டபூர்வமான கடமை. ரொறன்ரோவில் நடைபாதைகளில் பெரும்பகுதியை நகரசபையே துப்புரவாக்குகிறது. எங்கிருந்தாலும், வீட்டுப் படியிலிருந்து வீதிவரை கடிதம் கொண்டுவருபவர் வழுக்காமல் நடந்துவர ஒரு பாதை இருக்க வேண்டும். சவளால் தூக்கி எறிவதைவிடத் தள்ளிக்கொண்டு போவதே முதுகுக்கு நல்லது. ஈரப்பனி எதிர்பாராத அளவுக்குக் கனமானது, இதய நோயுள்ளவர்கள் அந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவதே சரி. எல்லாம் முடிந்து உள்ளே வந்து தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து, நகரசபையின் பனி வழிக்கும் வாகனம் வந்து, நீங்கள் துப்புரவாக்கிய வாகனப் பாதையின் வாயிலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பைக் கட்டிவிட்டுப் போகும். கோபப்படாமல் மீண்டும் போய் அதை உடனே வெட்டிவிடுங்கள். இரவு தாண்டினால் அது கல்லாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுவாக இருக்கும் பாதையில் எல்லைக்கோட்டோடு நிறுத்தாமல் அவர் பக்கமும் நாலடி தள்ளிவிடுவது வழக்கம். ஒரு வார்த்தையும் பேசாமல் இந்த நாட்டில் நட்பைத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழியை நான் இன்னும் காணவில்லை.

கார் வைத்திருப்பவர்கள் குளிர்கால ரயர்களை மாற்றிக்கொள்ள வேண்டும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். ஒன்ராறியோவில் சட்டமில்லை என்றாலும், வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனதும் சாதாரண ரயரின் இறப்பர் இறுகிப் பிடிமானத்தை இழந்துவிடும் என்பது மாகாண எல்லை பார்த்து மாறுவதில்லை. புறப்படுமுன் கண்ணாடியில் ஓட்டை போட்டதுபோல ஒரு வட்டத்தை மட்டும் சுரண்டிவிட்டு ஓட்டாதீர்கள். கூரையிலுள்ள பனியையும் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் அது பாளமாகப் பறந்து பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழும்.

பனியைவிட அஞ்ச வேண்டியது உறைமழை. துளிகளாக விழுந்து, பட்ட இடத்திலேயே உறைந்து, மரக்கிளைகளையும் மின்கம்பிகளையும் பாரமாக்கி ஒடித்துவிடும். 2013 டிசம்பரில், கிறிஸ்மஸுக்கு முந்திய வார இறுதியில் பெய்த உறைமழையால் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 300,000 மின்னிணைப்புகள் துண்டிக்கப்பட்டன; சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. மூன்று நாட்களுக்குப் போதிய குடிநீர், சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு, கைவிளக்கு, பற்றரி ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருங்கள். மின்சாரமில்லாத வீட்டைச் சூடாக்குவதற்காகக் கரியடுப்பை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் மூட்டாதீர்கள். மூடிய கதவுகளுக்குள் சேரும் கார்பன் மொனொக்சைட் என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வாசலில்

நமக்குச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைக்கலாம். ஆனால் நாம் கழற்றுவது துப்புரவு கருதியும் மரியாதை கருதியும். இங்கே கழற்றுவதற்கு முதற்காரணம் உப்பு. வீதியில் பனி உருகுவதற்காகக் கொட்டப்படும் உப்பு, சேற்றோடு கலந்து சப்பாத்தின் அடியில் ஒட்டி, வீட்டுக்குள் காய்ந்து வெள்ளைத் தூளாகும். மரத்தரையைக் கெடுக்கும், தோற்சப்பாத்தில் வெள்ளை அலைகளாகக் கறை பிடிக்கும். வினாகிரியையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து துணியால் துடைத்தால் அந்தக் கறை போய்விடும். வாசலில் விளிம்பு உயர்ந்த இறப்பர்த் தட்டு ஒன்று இருக்கும். உருகும் தண்ணீர் அதற்குள் நிற்பதற்காக, பூட்ஸை அதன்மேலேயே வையுங்கள். விருந்துக்குப் போகிறவர்கள் உள்ளே அணிய ஒரு மென்செருப்பைப் பையில் கொண்டுபோவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உள்ளே அணியவென்று தனிச் சோடி வேண்டும். அலுவலகத்திலும் மேசைக்கடியில் ஒரு சோடி வைத்திருப்பவர்கள் பலர். எப்படியும் கழற்ற வேண்டிவரும் என்பதால், வீட்டைவிட்டுப் புறப்படும்போது காலுறையில் ஓட்டை இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கடையில்

விலைச்சீட்டில் 9.99 டொலர் என்றிருக்கும் ஒரு பொருளை ஒன்ராறியோவில் வாங்கினால், 13 வீத விற்பனை வரி சேர்ந்து 11.29 டொலர் ஆகும். அதே பொருள் அல்பேர்ட்டாவில் 5 வீத வரியோடு 10.49 டொலர்தான். அரிசி, பால், மரக்கறி, மாவு போன்ற அடிப்படை உணவுப் பொருட்களுக்கு வரியில்லை. சமைத்த சாப்பாட்டுக்கு உண்டு. எது அடிப்படை, எது சிற்றுண்டி என்ற எல்லையில் சில வேடிக்கைகளும் இருக்கின்றன. ஐந்து டோனட் வாங்கினால் அது சிற்றுண்டி, வரி உண்டு; ஆறு வாங்கினால் அது வீட்டுக்குக் கொண்டுபோகும் மளிகை, வரியில்லை.

அந்த 11.29 டொலரை நீங்கள் காசாகக் கொடுத்தால் 11.30 கேட்பார்கள்; அட்டையில் கொடுத்தால் 11.29ஐ மட்டுமே எடுப்பார்கள். காரணம், கனடாவில் ஒரு சத நாணயம் புழக்கத்தில் இல்லை. ஒரு சதத்தைச் செய்ய 1.6 சதம் செலவாகிறது என்று கண்டு, 2012 மே மாதத்தில் கடைசி நாணயத்தை அடித்தார்கள். 2013 பெப்ரவரி 4 முதல் விநியோகமும் நின்றது. அன்று முதல் காசுக் கொடுக்கல் வாங்கலில் மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்து சதத்துக்கு ஏறியோ இறங்கியோ முழுமையாக்கப்படுகிறது. 11.27 என்று வந்திருந்தால் 11.25 கேட்டிருப்பார்கள். ஒரு டொலர் நாணயத்தில் 'லூன்' என்ற நீர்ப்பறவை இருப்பதால் அதற்கு 1987 முதல் 'லூனி' என்று பெயர். 1996இல் இரண்டு டொலர் நாணயம் வந்தபோது, இரண்டைக் குறிக்கும் 'ரூ'வையும் அதோடு ஒட்டி 'ரூனி' ஆக்கிவிட்டார்கள். இவற்றில் ஒன்றையும் ஒரு இருபத்தைந்து சத நாணயத்தையும் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள். பல கடைகளில் சாமான் வண்டியின் சங்கிலியை விடுவிக்க அவை வேண்டும்.

மரக்கறியும் இறைச்சியும் வாங்கும்போது ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். பெரிய எழுத்தில் 1.99 என்று போட்டிருப்பது ஓர் இறாத்தலின் விலை. கிலோவின் விலையான 4.39 கீழே எறும்பளவு எழுத்தில் இருக்கும். பற்றுச்சீட்டிலோ கிலோக் கணக்கு வரும். இந்நாடு 1970களில் மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியது. 1975 ஏப்ரல் முதல் வானிலை செல்சியஸில், 1977இல் வீதிப் பலகைகள் கிலோமீற்றரில் என்று மாற்றம் படிப்படியாக வந்து, பாதி வழியிலேயே நின்றுவிட்டது. வெளியே குளிர் செல்சியஸில், அடுப்பின் சூடு பரனைற்றில். வீதி கிலோமீற்றரில், ஆளின் உயரம் அடியில், நிறை இறாத்தலில். 1983 ஜூலையில் எயார் கனடா விமானம் ஒன்று, எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட வேண்டிய இடத்தில் இறாத்தல் கணக்கைப் பயன்படுத்தியதால், நடுவானில் எரிபொருள் தீர்ந்து, மனிற்றோபாவின் கிம்லி என்னுமிடத்திலிருந்த பழைய விமானத் தளத்தில் மிதந்து இறங்கியது. நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை. உங்களுக்கு அத்தனை பெரிய சங்கடம் வராது. கேக் கருகும், அவ்வளவுதான். தூரத்தைக் கேட்டாலோ இவர்கள் இரண்டு அளவையும் விட்டுவிட்டு மணிக்கணக்கில்தான் பதில் சொல்வார்கள்: ஒட்டாவா எவ்வளவு தூரம் என்றால், நாலரை மணித்தியாலம் என்பார்கள்.

பால் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்ராறியோவிலும் அதற்குக் கிழக்கேயும் பாலைப் பையில் விற்கிறார்கள். மேற்கு மாகாணங்களில் இந்த வழக்கம் இல்லை. பெரிய பையொன்றை வாங்கினால் உள்ளே 1.33 லீற்றர் கொண்ட மூன்று சின்னப் பைகள் இருக்கும், மொத்தம் நான்கு லீற்றர். இதைப் பார்த்தவுடன் ஊரில் பால் பக்கெற் வாங்கியவர்களுக்கு ஒரு நெருக்கம் தோன்றும். உடனே வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சிவிடத் தோன்றும். அது தேவையில்லை, பால் ஏற்கெனவே பாச்சர் முறையில் சூடாக்கப்பட்டது. பைக்கென்றே அளவெடுத்த பிளாஸ்ரிக் ஜக் ஒன்று சில டொலருக்குக் கிடைக்கும். பையை அதற்குள் இறக்கி, ஜக்கின் அடியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். பை உள்ளே அமர்ந்துவிடும். பிறகு ஊற்றும் பக்கத்து மூலையைச் சாய்வாக, சுண்டுவிரல் நகமளவு மட்டும் வெட்டுங்கள். கூட வெட்டினால் பால் கோப்பைக்கு அப்பால் பாயும். தட்டாமல் வெட்டினால் சரிக்கும்போது பை முழுவதும் முன்னால் மடிந்து விழும். முதல் நாள் நான் இரண்டையும் ஒருசேரச் செய்தேன். வெளிப்பையை எறியாமல் சேர்த்துவைப்பவர்களும் உண்டு. அந்தப் பைகளை நாடாவாக வெட்டிப் பின்னி, அறக்கொடைக்காகப் படுக்கைப் பாய்கள் செய்கிறார்கள்.

பெட்டியில் எழுதியிருப்பது புரியாவிட்டால் திருப்பிப் பாருங்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் 1969 முதல் ஆட்சிமொழிகள் என்பதால் எல்லாப் பொதிகளிலும் இரண்டும் இருக்கும்; அடுக்கியவர் பிரெஞ்சுப் பக்கத்தை முன்னால் விட்டிருப்பார்.

பேச்சில்

கடைக்காரர் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டால் அது கேள்வியன்று, வணக்கம். முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்காமல், நலம் என்று சொல்லி அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டுவிட்டு நகர வேண்டும். பேச்சைத் தொடர வேண்டுமானால் வானிலையை எடுங்கள். நம்மூரில் வானிலையைப் பற்றிப் பேசுபவரை வேறு விஷயமில்லாதவர் என்று நினைப்போம். இங்கே அது எல்லோருக்கும் ஒரே அளவில் சொந்தமான துன்பம், அதனால் யார் மனமும் நோகாமல் பேசக்கூடிய ஒரே பொருள். சம்பளம், வயது, கல்யாணமாகி இத்தனை ஆண்டாகியும் பிள்ளை ஏன் இல்லை என்பன போன்றவற்றைக் கேட்டால், முகம் மாறாமல் சிரித்துவிட்டு அடுத்த முறை உங்களைக் கண்டால் மறுபக்க நடைபாதைக்குப் போய்விடுவார்கள். வீட்டு விலையை மட்டும் ரொறன்ரோவில் யாரும் யாரிடமும் கேட்கலாம்.

'சொறி' என்ற சொல்லை இங்கே சொல்லிப் பழக வேண்டும். நீங்கள் ஒருவரின் காலை மிதித்தால் நீங்கள் மட்டுமன்றி மிதிபட்டவரும் அதைச் சொல்வார். குற்றத்தை ஒப்புக்கொள்வதாக அதற்குப் பொருளில்லை. நமக்கிடையே சின்னதாய் ஒரு சங்கடம் நேர்ந்துவிட்டது, அதைப் பெரிதாக்க வேண்டாம் என்பதுதான் பொருள். இந்தப் பழக்கம் நீதிமன்றத்தில் யாருக்கும் பாதகமாகிவிடக்கூடாது என்பதற்காக ஒன்ராறியோ 2009இல் மன்னிப்புச் சட்டம் என்று ஒன்றையே இயற்றியிருக்கிறது; அதன்படி, ஒருவர் மன்னிப்புக் கேட்டதை உரிமையியல் வழக்கில் அவர் தவறை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. வரிசையில் நிற்பதும், கதவைப் பிடிப்பதும், பேருந்திலிருந்து இறங்கும்போது சாரதிக்கு நன்றி சொல்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கதவைப் பிடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பின்னால் வருபவர் பத்தடி தூரத்துக்குள் இருந்தால் பிடிக்க வேண்டும். மிகத் தொலைவில் இருப்பவருக்காகப் பிடித்து நின்றால் அவர் ஓடிவர வேண்டியிருக்கும், அதுவும் தொல்லைதான்.

நமக்கு மிகக் கடினமானது பெயர் சொல்லி அழைப்பது. அண்ணை, அக்கா, ஐயா, மாமி என்று உறவு வைத்தே அந்நியரை அழைத்துப் பழகிய நாவுக்கு, அறுபது வயது மேலதிகாரியை மொட்டையாக முதற்பெயரால் கூப்பிடச் சொன்னால் கூசும். ஆனால் அவரே அப்படி அழைக்கச் சொன்னபின் நீங்கள் 'சேர்' என்று தொடர்ந்தால், உங்களுக்கும் அவருக்குமிடையே நீங்களே ஒரு சுவரை எழுப்புவதாக அவர் நினைப்பார். நான் முதல் ஆறு மாதங்கள் பெயரே சொல்லாமல், கண்ணில் படும்வரை காத்து நின்று பேச்சைத் தொடங்கிச் சமாளித்தேன். யாருக்கும் அந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளைகளின் ஆசிரியரையும் மருத்துவரையும் மட்டும் பட்டத்தோடு அழைப்பது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது.

விருந்துக்கு ஏழு மணி என்றால் ஏழுக்கும் ஏழேகாலுக்கும் இடையே போய்ச் சேருங்கள்; ஆறேமுக்காலுக்கு மணியடிப்பது ஒன்பது மணிக்குப் போவதைவிடப் பெரிய குற்றம். என்ன கொண்டுவரட்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்பார்கள், ஆனாலும் எதையாவது கொண்டுபோங்கள். பிள்ளையின் மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் கச்சான் கலந்த எதையும் வைக்காதீர்கள். கடும் ஒவ்வாமையுள்ள மாணவர்களைக் காக்கும் திட்டம் ஒவ்வொரு பாடசாலைச் சபையிலும் இருக்க வேண்டுமென்று ஒன்ராறியோவில் 2006 முதல் சட்டம் உண்டு. பெரும்பாலான பாடசாலைகள் கொட்டை வகைகளை உள்ளேயே விடுவதில்லை. கச்சான் சட்னிக்குப் பதிலாகத் தேங்காய்ச் சட்னியை வைத்தால் வகுப்பில் யாருக்காவது மூச்சுத் திணறிவிடுமோ என்ற பயம் இராது.

கோப்பியும் சன்மானமும்

பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹொக்கியின் வீரர் ரிம் ஹோர்ட்டன் 1964இல் ஹமில்டன் நகரில் தொடங்கிய கோப்பிக் கடை இன்று ஊருக்கு ஊர் இருக்கிறது. அங்கே 'டபிள் டபிள்' என்று கேட்டால் இரண்டு மடங்கு கிறீமும் இரண்டு மடங்கு சீனியும் போட்ட கோப்பி கிடைக்கும். 2004இல் கனடிய ஒக்ஸ்போர்ட் அகராதியே அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. நம் ஊர்க் கோப்பியின் இனிப்புக்குப் பழகியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். கோப்பி நன்றாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதைக் கனடியர்களிடம் கேட்க வேண்டாம். உணவகத்தில் மேசைக்கு வந்து பரிமாறினால் 15 முதல் 20 வீதம் சன்மானம் கொடுப்பது வழக்கம். அட்டை இயந்திரம் வரியையும் சேர்த்த தொகைக்கே வீதம் போடுவதுண்டு என்பதால், வரிக்கு முந்திய தொகைக்குக் கணக்கிட்டு நீங்களே எண்ணைத் தட்டினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வீதியும் குப்பைத் தொட்டியும்

மஞ்சள் பாடசாலைப் பேருந்து சிவப்பு விளக்குகளை மின்னவிட்டு நின்றால், அதன் பின்னால் வரும் வாகனங்கள் மட்டுமன்றி எதிரே வரும் வாகனங்களும் நிற்க வேண்டும். நடுவில் பிரிசுவர் உள்ள வீதியில் மட்டும் எதிரே வருபவர்களுக்கு விலக்கு. ஊரில் வாகனம் ஓட்டி அனுபவமுள்ளவர்கள்கூட முதல் மாதத்தில் இதைத் தவறவிட்டு, உரிமத்தில் ஆறு தண்டப் புள்ளிகளோடு பாடம் படித்திருக்கிறார்கள்.

குப்பையை ரொறன்ரோவில் மூன்றாகப் பிரிக்க வேண்டும்: சாப்பாட்டுக் கழிவு பச்சைத் தொட்டிக்கு, மீள்சுழற்சிக்கானவை நீலத்துக்கு, எஞ்சியவை குப்பைத் தொட்டிக்கு. மீன் சுத்தம் செய்த கழிவைச் சேகரிப்பு நாள்வரை உறைபெட்டியில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் றக்கூன் வரும். முகமூடி போட்ட திருடனைப்போலக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு அடையாளமுள்ள இந்தப் பிராணிக்கு மனிதக் கைபோன்ற முன்னங்கால்கள். அதன் தொல்லை தாங்காமல் நகரசபை 2016இல் பூட்டுப் பிடியுள்ள புதிய பச்சைத் தொட்டிகளை வீடு வீடாகக் கொடுத்தது. சில றக்கூன்கள் அதையும் திறக்கப் பழகிவிட்டன.

ஆண்டைக் கணக்கிடுதல்

செப்டெம்பர் 30இல் செம்மஞ்சள் நிறச் சட்டையோடு பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள்; வதிவிடப் பாடசாலைகளுக்கு வலுவில் கொண்டுபோகப்பட்ட பழங்குடிப் பிள்ளைகளை நினைவுகூரும் நாள் அது, 2021 முதல் மத்திய அரசின் விடுமுறை நாள். ஒக்ரோபரின் இரண்டாம் திங்கட்கிழமை நன்றி செலுத்தும் நாள். அமெரிக்காவில் நவம்பரில் வருவதற்கு ஆறு வாரங்கள் முன்னதாக இங்கே வருவதற்குக் காரணம், அறுவடையும் குளிரும் இங்கே முந்துவதுதான். ஒக்ரோபர் கடைசி வெள்ளி முதல் நவம்பர் 11 வரை சட்டையின் இடப்புறத்தில், நெஞ்சுக்கு அருகே சிவப்புப் பொப்பிப் பூவைக் குத்தியிருப்பார்கள். போர்களில் இறந்த வீரர்களுக்கான அந்தப் பூவை, கடைவாசலில் நிற்கும் முதியவரிடம் உண்டியலில் இயன்றதைப் போட்டுவிட்டு வாங்கிக்கொள்ளலாம். 11ஆம் திகதி காலை 11 மணிக்குப் பெருங்கடைகளிலும் பாட்டு நின்றுவிடும். நீங்களும் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடங்கள் நில்லுங்கள். குளிர்கால மாதங்களில் பேச்சு ஹொக்கிக்குத் திரும்பும். விதிகள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணி 1967க்குப் பின், ஹொக்கியின் உச்சப் பரிசான ஸ்ரான்லி கிண்ணத்தை வெல்லவில்லை என்பது தெரிந்தால் போதும், எதிரிலிருப்பவர் மீதியைத் தானாகவே சொல்லித் தீர்ப்பார்.

ஏப்ரலில் ஒரு வாரம் வெயிலடித்ததும் பூட்ஸைக் கழுவிப் பெட்டியில் கட்டிவிடாதீர்கள். அடுத்த வாரமே பனி பெய்யலாம். மே மாதம் 25ஆம் திகதிக்கு முந்திய திங்கட்கிழமை விக்ரோரியா தினம். அந்த நீண்ட வார இறுதி வரும்வரை தக்காளிக் கன்றை மண்ணில் வைக்க வேண்டாம் என்பது இங்குள்ள தோட்டக்காரர்களின் பழைய விதி, இரவு உறைபனி அதுவரை வந்து போகக்கூடும். செப்டெம்பர் முடிவில் சாளரத்தருகே கொண்டுவந்து வைத்த கறிவேப்பிலைச் சாடியையும் அந்த வார இறுதிக்குப் பின்னரே வெளியே எடுங்கள். எடுத்தவுடன் நேர் வெயிலில் வைக்காமல், முதல் ஒரு வாரம் காலையில் இரண்டு மணித்தியாலம் நிழலில் வைத்துப் பழக்குங்கள். இலை உதிர்ந்து தண்டு மட்டும் நின்றாலும் பிடுங்கி எறிய வேண்டாம், ஜூன் நடுப்பகுதியில் துளிர்விடும்.